விரிவுரையாளருக்கு யார் ஆசிரியர்?



தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக் குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்க விரும்பும் ஒருவர், பொதுவாக, ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஓராண்டு ஆயத்தப் படிப்பும் நான்காண்டுப் பட்டப்படிப்பும் முடிக்க வேண்டும். இடையில் பலமுறை உண்மையான பள்ளிகளுக்கு அனுப்பப்படுவார். அங்கே அவர் பாடம் நடத்தும்போது கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில், குழந்தைகளுக்கென்று செய்த சிறிய நாற்காலியில் அமர்ந்து, கையில் படிவத்தை வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பார். குரல் கடைசி வரிசைவரை கேட்கிறதா, வெண்பலகையில் எழுத்து ஒழுங்காக இருக்கிறதா, பின்தங்கிய மாணவனின் மேசைக்குச் சென்றாரா என்று அத்தனையும் மதிப்பிடப்படும். இது முறையானது. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

அந்தக் குழந்தை வளர்கிறது. ஆறாம் ஆண்டு முடித்து, ஐந்தாம் படிவம் முடித்து, மெட்ரிகுலேசனோ எஸ்.டி.பி.எம். தேர்வோ கடந்து, ஒருநாள் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேருள் ஒருவராக அமர்கிறது. முன்னால் நிற்பவர் முனைவர். ஆய்விதழ்களில் அவர் பெயர் வருகிறது; அனைத்துலக மாநாடுகளில் கட்டுரை படைக்கிறார். அவருடைய துறையறிவை ஐயுற நமக்குத் தகுதியும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால், கற்பிப்பதை அவர் எங்கே கற்றார்? எத்தனை மாதம் கற்றார்? அவர் பாடம் நடத்துகையில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவர் யார்?

பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான். பணியில் சேர்ந்த புதிதில் சில நாள் அடிப்படைப் பயிற்சி. அதற்குப் பின் ஆண்டுதோறும் பட்டறைகள். பின்வரிசையில் யாரும் இல்லை!

ஏழு வயதுக் குழந்தைக்குக் கற்பிக்க ஐந்தாண்டு. இருபது வயது இளைஞருக்குக் கற்பிக்கச் சில நாள். இந்தக் கணக்கு யாருக்கும் உறுத்தவில்லையா? நம் பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதற்பருவத் தேர்வில் சறுக்கினால் உடனே என்ன சொல்கிறோம்? "தமிழ்ப்பள்ளியில் அடித்தளம் சரியில்லை" என்கிறோம். அடித்தளத்தின்மீது கட்டடம் எழுப்புகிறவர் கட்டுமானம் பயின்றவரா என்று ஒருவரும் கேட்பதில்லை.

"பல்கலைக்கழகத்தார் பயிற்சியே பெறுவதில்லை என்கிறீரா?" என்று சிலர் சினப்பர். பொறுங்கள். பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. பொதுச் சேவைத் துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 6ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை, அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெறுவதைத் துறைத்தலைவர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தது. ஆசிரியர்களாகிய நமக்கு அந்த 7 நாள் நன்கு பழக்கமானது. நாளுக்கு 6 மணி நேரம் என்று பெருக்கி 42 என்னும் எண்ணைத் துரத்திய அனுபவம் நமக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களின் பணியாளர்களும் இதே கணக்குக்குள் வந்தவர்களே. நோக்கம் நல்லது. ஆனால், நாளை எண்ணத் தொடங்கிய இடத்தில் நாள் மட்டுமே எஞ்சியது. கற்றது என்ன என்று கேட்கச் சுற்றறிக்கையில் கட்டம் இல்லை. எத்தனை மணி நேரம் என்று எழுதத்தான் கட்டம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஓர் உயர்கல்வி நிலையம் தன் இளம் விரிவுரையாளர்களுக்காக இரண்டு நாள் பட்டறை நடத்தியது. 'பள்ளித் தரப்பு' என்னும் பெயரில் எங்களுள் சிலரையும் அழைத்திருந்தனர். (நிலையத்தின் பெயர் இங்கே வேண்டா, எங்கும் நடப்பதுதான்.) தலைப்பு, மாணவர் மையக் கற்றல். காலையில் மீகூன், கறிபாப், தேநீர். எட்டரை மணிக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் ஒன்பதேகாலுக்குத் தொடங்கியது. தலைநகரிலிருந்து வரவழைக்கப்பட்ட பேச்சாளர் படவில்லைகளை ஏற்றினார். மொத்தம் தொண்ணூற்று நான்கு என்று கீழ்மூலையில் எண் தெரிந்தது. மாணவரைப் பேச வைப்பது எப்படி என்பதைப் பற்றி இரண்டே கால் மணி நேரம் அவர் ஒருவரே பேசினார். கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, கொட்டாவி விட்டதைத் தவிர.

மறுநாள் அட்டவணை நிரப்பும் படலம். மலேசியத் தகுதிநிலை முகவகம் 2007இல் அமைக்கப்பட்ட பின்னர், விளைபயன் சார்ந்த கல்வி என்பது உயர்கல்வியில் மந்திரச் சொல்லாகிவிட்டது. பாடத்தின் விளைபயன் எது, அது படிப்பின் விளைபயன்களுள் எதனோடு பொருந்துகிறது, மாணவர் செலவிட வேண்டிய கற்றல் மணி எத்தனை என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். கூட்டல் நாற்பதுக்கு வராமல் ஒரு குழு மதியம்வரை போராடியது. மாணவர் ஒருவருடைய முகம்கூட அந்த இரண்டு நாளில் அந்த மண்டபத்தில் பேச்சுக்கு வரவில்லை. முடிவில் கருத்துப் படிவம் தந்தனர். உணவு எப்படி இருந்தது? மண்டபம் வசதியாக இருந்ததா? பேச்சாளர் தெளிவாகப் பேசினாரா? படிவம் கொடுத்தவர்க்கே சான்றிதழ். பிறகு பதாகைக்கு முன் நின்று, கட்டைவிரலை உயர்த்தி, குழுப்படம்.

என் அருகில் அமர்ந்திருந்த இளம் விரிவுரையாளர், தமிழர்தாம், மிகவும் நல்ல பிள்ளை, மெல்லச் சொன்னார்: "சார், இதோட எனக்கு முப்பத்தெட்டு மணி ஆச்சு. இன்னும் நாலுதான் பாக்கி." அவர்மீது எனக்குச் சினம் வரவில்லை. அவரை அப்படி எண்ண வைத்த ஏற்பாட்டின்மீதுதான் வந்தது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்த நோய் முற்றியது. பட்டறைகள் எல்லாம் இணையவழி நடந்தன. ஒளிப்படக்கருவியை அணைத்துவிட்டு, சமையலோ துணி மடிப்போ பார்த்துக்கொண்டே, முடிவில் வருகைப் படிவத்தை மட்டும் நிரப்பி மின்சான்றிதழ் பெற்றவர்கள் நம்மிடையேயும் உண்டு, பல்கலைக்கழகங்களிலும் உண்டு. ஒரே நாளில் மூன்று சான்றிதழ் சேர்த்ததைப் பெருமையாகச் சொன்னவரையும் அறிவேன். ஏட்டுச் சுரைக்காயை இதைவிட மலிவாக யாரும் விற்க முடியாது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையன்று. டொனால்டு கெர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்கர், பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்று 1959இலேயே நான்கு படிகளாக எழுதினார். பங்கேற்றவருக்குப் பிடித்ததா என்பது முதற்படி. கற்றாரா என்பது அடுத்தது. பணியிடத்துக்குத் திரும்பிய பின் செயலில் மாற்றம் உண்டா என்பது மூன்றாவது. அந்த மாற்றத்தால் விளைந்தது என்ன என்பது நான்காவது. நம் கருத்துப் படிவங்கள் முதற்படியில், அதிலும் மீகூனோடு, நின்றுவிடுகின்றன. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி சவர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1980 தொட்டு வலியுறுத்தி வந்ததும் இதுவே. கோட்பாட்டைச் சொல்லிவிட்டால் போதாது, செய்துகாட்டினாலும் போதாது, பயிற்சி பெற்றவர் தம் சொந்த வகுப்பில் முயன்று பார்க்கையில் உடனிருந்து திருத்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால் கற்றதில் மிகப் பெரும்பகுதி வகுப்பறைக்குள் நுழைவதே இல்லை.

நம் அரசின் ஆவணமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-2025 என்னும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர்கள் ஆண்டுக்குச் சராசரி 10 நாள் அளவுக்குத் தொழில்முறை மேம்பாட்டில் செலவிடுகின்றனர், இது விதித்த 7 நாளினும் மிகுதி என்கிறது. அடுத்த மூச்சிலேயே, வகுப்பை உற்றுநோக்குவது, பாடத்திட்டத்தை உடனிருந்து வகுப்பது போன்ற பள்ளிக்குள் நடக்கும் வழிகாட்டல் அவற்றுள் மிகக் குறைவு என்றும் சொல்கிறது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உயர்கல்வித் தலைமைத்துவக் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அகெப்ட் என்பார்கள். பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் பயிற்சி தருவதற்காக உயர்கல்வி அமைச்சு 2008இல் அமைத்தது. அந்தக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2011இல் 41 பள்ளிகளுக்குச் சென்று 125 பாடவேளைகளை நேரில் உற்றுநோக்கினர். அவற்றுள் 12 விழுக்காடு மட்டுமே உயர்ந்த தரத்தில் இருந்தன என்றனர். 38 விழுக்காடு ஏற்கத்தக்கவை. மீதம் 50 விழுக்காடு நிறைவளிக்கவில்லை. இந்த எண்கள் நாடெங்கும் பரவின. ஆசிரியர் கூட்டங்களில் படவில்லையாக வந்து வந்து நம் தலையில் குட்டின.

குட்டு வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை; பாதிப் பாடங்கள் சரியில்லை என்றால் அதை அறிந்துகொள்வது நல்லதே. என் கேள்வி வேறு. யார் வந்து பார்த்தார்கள்? உயர்கல்வித் தரப்பினர். யாரைப் பார்த்தார்கள்? பள்ளி ஆசிரியரை. அதே ஆய்வாளர்கள் அதே படிவத்தோடு 125 விரிவுரைகளின் பின்வரிசையில் அமர்ந்து, அதே மூன்று எண்களை அதே வெளிச்சத்தில் நம் முன் வைக்கட்டும். அன்று கைதட்ட முதல் ஆளாக நான் நிற்பேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியைப் பினாங்கில் இருந்துகொண்டு கேட்பதற்கு ஒரு தனி உரிமை உண்டு. கெளுகோர் பக்கம் போனால் நாம் தினமும் கடந்து செல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கியபோது அதற்குச் சொந்த இடம் இல்லை. கெளுகோரில் இருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடத்தில்தான் 57 அறிவியல் மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. பின்னர் 1971இல்தான் பிரிட்டிசுப் படைவீடாக இருந்த மிண்டன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆக, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வீட்டுக்காரர், பல்கலைக்கழகம் விருந்தாளி! தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கென 1967இல் நிறுவப்பட்ட ரெக்சாம் மையமும் அதே கெளுகோரில்தான் இருக்கிறது. கற்பிப்போருக்குக் கற்பிக்கும் கலையில் இவ்வளவு பழக்கமுள்ள ஒரு வட்டாரம் இந்நாட்டில் வேறு எங்கே உண்டு?

ஆனால், காலம் வேறு திசையில் இழுத்தது. 2006இல் நாட்டின் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. நம் பினாங்குப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. 2008இல் அதற்கு ஏபெக்ஸ் தகுதியும் கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். இந்தப் பெருமையோடு நாடு முழுவதும் உயர்கல்வியில் ஒரு புதிய அளவுகோலும் வந்து சேர்ந்தது. கட்டுரை எத்தனை, அது ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழில் வந்ததா, மேற்கோள் எத்தனை, ஆய்வு மானியம் எவ்வளவு வெள்ளி? உலகத் தரவரிசை இவற்றை எண்ணுகிறது. எனவே பல்கலைக்கழகமும் எண்ணுகிறது. எனவே பட்டறைகளும் அங்கேயே போய் நிற்கின்றன. ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி, மானிய விண்ணப்பம் நிரப்புவது எப்படி, புள்ளியியல் மென்பொருள் இயக்குவது எப்படி என்றால் நாற்காலி போதாது. கற்பித்தல் பற்றிய பட்டறைக்கோ, கட்டாயம் என்பதால் வருகிறார்கள். பதவி உயர்வு எதனால் கிடைக்குமோ அதைத்தானே மனிதர் கற்பார்? இதில் விரிவுரையாளரைக் குறை சொல்வது வீண். நாளெல்லாம் விரிவுரை, ஆய்வு மாணவர், கூட்டம், தணிக்கைக் கோப்பு என்று அல்லாடுகிறவர் அவர். அவருக்கு எட்டாம் நாளாக இன்னொரு பட்டறை வைப்பது கொடுமை. அந்த ஏழையும் உருப்படியாக்குங்கள் என்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் கதவு மூடிக் கிடந்தால் பள்ளிக்கு என்ன என்று எண்ணாதீர்கள். அங்கிருந்து நமக்கு ஒரு வாய்க்கால் வருகிறது. பல்கலைக்கழகத்திலும் கல்விக் கழகத்திலும் இருப்பவர்களே நமக்குப் பாடத்திட்டக் குழுவில் வருகிறார்கள், பாடநூல் குழுவில் வருகிறார்கள், பட்டறைப் பேச்சாளராகவும் வருகிறார்கள். தாம் பயிற்சி பெற்ற முறையிலேயே நமக்கும் பயிற்சி தருகிறார்கள். 2011இல் தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் வந்தபோது நடந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேசிய நிலைத் தலைமைப் பயிற்றுநர் பெற்றதை மாநில நிலையினர் சுருக்கிப் பெற்றனர். அவர்கள் மாவட்டத்துக்கு இன்னும் சுருக்கித் தந்தனர். மாவட்டத்துக்குச் சென்ற ஒருவர் பள்ளிக்குத் திரும்பி, பிற்பகல் கூட்டத்தில், பசியோடு இருந்த நமக்குச் சொன்னார். மேலே பாலாக ஊற்றியது கீழே கழுநீராக வந்தது.

2003இல் நடந்தது இதனினும் பெரிது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டு முதலாம் ஆண்டில் தொடங்கியது. இருபது ஆண்டுகளாகத் தமிழில் பின்னத்தையும் காந்தத்தையும் அழகாக விளக்கிய ஆசிரியர்களைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பி, மடிக்கணினியும் ஒளிபடக்கருவியும் கையில் கொடுத்து, "இனி ஆங்கிலத்தில்" என்றனர். ஒரு மனிதர் சிந்திக்கும் மொழியைப் பட்டறை மாற்றிவிடும் என்று நம்பினர். 2009 சூலையில் அமைச்சரவை அத்திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். திட்டம் சரியா தவறா என்னும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். குறுகிய பட்டறையால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பதற்கு அந்த ஆண்டுகளைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? அப்போது முதலாம் ஆண்டில் அமர்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று முப்பது வயதை நெருங்குகிறார்கள்.

தமிழ்ப்பள்ளிக்கென்று இன்னொரு குறையும் இருக்கிறது. நான் கண்டவரை, உயர்கல்விப் பணியாளர்க்கான கற்பித்தல் பட்டறைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கின்றன. அதில் தவறில்லை; பலதுறையினரும் வருகின்ற இடம். ஆனால், தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளர்க்கு, தமிழில் கற்பிப்பதன் நுட்பத்தைப் பேசும் பட்டறை எங்கே? ரகர றகரத்தை மயங்கி எழுதும் குழந்தையை எப்படித் திருத்துவது, வீட்டில் ஆங்கிலமே பேசும் குழந்தைக்கு வேற்றுமையுருபை எப்படிப் பழக்குவது என்பவற்றை எந்தப் படவில்லையிலும் நான் கண்டதில்லை. பொதுவான 'கற்பித்தல் உத்தி' ஒன்றை மொழிபெயர்த்துத் தலையில் கட்டுவதே நடக்கிறது.

மற்ற நாடுகளில் தேன் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப்பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. சென்னை, திருச்சி, கோவைப் பல்கலைக்கழகங்களிலும் அமைந்தன. அறிமுகப் பயிற்சி, புத்தொளிப் பயிற்சி என்று வாரக்கணக்கில் நடத்தி, அவற்றைப் பதவி உயர்வோடு கட்டிப்போட்டனர். 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023இல் மாளவியா பெயரில் மீண்டும் மாறியது. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு வேலை கிடைத்தது. பதவி உயர்வுக்காக வருகிறவரும் மணிக்கணக்குக்காக வருகிறவரும் ஒரே மரத்துக் காய்கள்தாம்.

இலங்கையை மட்டும் கொஞ்சம் மதிப்போடு பார்க்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மேம்பாட்டு மையம், புதிய விரிவுரையாளர்க்கு உயர்கல்வியில் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அது இரண்டு நாளில் குழுப்படத்தோடு முடிவதன்று. மாதக்கணக்கில் நீளும்; தாம் கற்பித்ததைத் தாமே ஆராய்ந்து எழுதிய செயலேட்டை ஒப்படைக்க வேண்டும். போரும் பொருள்முட்டும் கண்ட ஒரு நாட்டில் இது முடிந்திருக்கிறது. நம்மிடம் இல்லாதது பணமா?

உண்மையில், இதற்கெல்லாம் கடல் கடந்து போகவும் வேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணவன், ஆசிரியரின் கண்முன்னாலேயே இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். தவறினால் ஆசிரியர் அங்கேயே திருத்துவார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராசு முறை' என்றே அது உலகெங்கும் பேர்பெற்றது. (அதைச் செலவு குறைக்கும் கருவியாக்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கொட்டகையில் அடைத்தது வேறு கதை.) கற்பிக்கும் தொழிலைக் கற்பிக்கும் இடத்திலேயே, மூத்தவர் பார்வையில் பழகுவது என்னும் கருத்து நம் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்பதே எனக்கு வேண்டிய செய்தி. சப்பானியப் பள்ளிகளில் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் நடத்துவார், மற்றவர் சுவரோரம் நின்று மாணவரைக் கவனிப்பர், பிறகு அமர்ந்து பேசித் திருத்துவர். நம் பினாங்குப் பல்கலைக்கழகத்தின் கல்வியியலாளர்களே இம்முறையை உள்ளூர்ப் பள்ளிகளில் ஆய்ந்திருக்கிறார்கள். பள்ளியில் பயன்படும் என்று அவர்கள் கண்ட ஒன்றை ஏன் விரிவுரை மண்டபங்களுக்குப் பொதுவழக்கமாக்கக் கூடாது?

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத் தொடக்கமாகக் கொண்டு 2016இல் தமிழ்க்கல்விக்கு இருநூறாண்டு விழா எடுத்தோம். இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இந்த 28இல் எதுவாயினும் தீவிலிருந்தோ செபராங் பிறையிலிருந்தோ ஒரு மணி நேரப் பயணத்துக்குள்தான் இருக்கும். தமிழ் ஆசிரியரை உருவாக்கும் விரிவுரையாளர் ஒருவர், தம் ஏழு நாளில் மூன்று நாளை ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பில், பார்வையாளராக இல்லாமல், பாடம் நடத்துபவராகச் செலவிடட்டும். இன்னும் இரண்டு நாள், தம் விரிவுரையைச் சக விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க விடட்டும். மீதி இரண்டு நாள் மீகூனோடு மண்டபத்தில் அமரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஐந்து நாளுக்கும் மணிக்கணக்கு எழுத அனுமதி வேண்டும். அவ்வளவே மாற்றம். செலவும் குறையும், விடுதி அறை வேண்டா, பதாகை வேண்டா.

ஒருவர் செய்தே காட்டினார். ஆசிரியர் கல்வித்துறையில் பணியாற்றும் விரிவுரையாளர்; பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் எங்கள் பள்ளிக்கு வந்து நான்காம் ஆண்டுக்கு ஐந்து நாள் பாடம் நடத்த இசைவு கேட்டார். முதல் நாள் வகுப்பு அவர் கையில் அடங்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "ஐயா, நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாதி உத்திக்கு இங்கே நேரமே இல்லையே" என்றார். அடுத்த பருவத்தில் தம் விரிவுரைக் குறிப்புகளைத் திருத்தி எழுதியதாகப் பின்னர் அறிந்தேன். அந்த ஐந்து நாளுக்கு அவருக்கு ஒரு மணிகூடக் கணக்கில் ஏறவில்லை. சான்றிதழ் இல்லையாம்!

"தொடக்கப்பள்ளி ஆசிரியனுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று கேட்பவர் கேட்கட்டும். அங்கே போய் அமர்பவர்கள் என் மாணவர்கள். "கல்விச் சுதந்திரத்தில் தலையிடுவதாகும்" என்று இன்னொரு சாரார் சொல்வர். எதைக் கற்பிப்பது என்பதில் அவர்களுக்குள்ள சுதந்திரத்தை யாரும் தொட வேண்டா. எதிரில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று சக ஆசிரியர் ஒருவர் பார்ப்பதால் எந்தச் சுதந்திரம் குறைந்துவிடும்?

பெற்றோர்களே, பல்கலைக்கழகங்கள் திறந்தநாள் நடத்தும்போது நீங்களும் பிள்ளையோடு செல்கிறீர்கள். விடுதிக் கட்டணம் கேட்கிறீர்கள், வேலைவாய்ப்புக் கேட்கிறீர்கள், தரவரிசை எண் கேட்கிறீர்கள். அடுத்த முறை இதையும் கேளுங்கள்: "உங்கள் விரிவுரையாளர்கள் கற்பிக்க எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள்? அவர்கள் வகுப்பை யார் வந்து பார்க்கிறார்கள்?" மேசைக்குப் பின்னால் இருப்பவர் விழிக்கக்கூடும். பரவாயில்லை. பத்துப் பெற்றோர் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகும்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என் நான்காம் ஆண்டு வகுப்பில் செவ்வாய்க்கிழமை காலை கணிதப் பாடவேளை. பின்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தலைமையாசிரியருக்கு முன்கூட்டி ஒரு கடிதம் தந்தால் போதும். பதிலுக்கு உங்கள் விரிவுரை ஒன்றில் எனக்கும் ஓர் இருக்கை தாருங்கள். கருத்துப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.